கண்ணாடிக்கு நடுவே மழை பெய்தால்…

குளிர் தொடங்கியதும் யன்னல் கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. லண்டனில் இருபது வருடமாக டபுள் கிளேசிங் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். நான் பார்த்தவரை யன்னல் முழுதாகச் சாவது அரிது; அதன் உறுப்பு ஒன்றுதான் சாகும். எந்த உறுப்பு என்று தெரிந்தால் செலவு சுருங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க உதவுவதே இந்தப் பதில்களின் வேலை.

காலையில் எழும்பினால் படுக்கையறைக் கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறது. பார்க்க வந்தவர், “எட்டு யன்னலும் பழுது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்” என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
— ஓர் அம்மா, ஹாரோ

உள்பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள் அம்மா. விரல் நனைந்தால் யன்னலில் குறையில்லை. அறைக் காற்றில்தான் ஈரம் கூடிவிட்டது. அறை 20 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடத்திலும் தண்ணீர் படியும். வீட்டில் முதலில் அந்த அளவுக்குக் குளிர்வது கண்ணாடி. குசினியில் புட்டு அவித்த ஆவி, ரேடியேட்டரில் காயப்போட்ட உடுப்பின் ஈரம், இரவெல்லாம் விடும் மூச்சு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி எக்ஸ்ட்ராக்டரைப் போடுங்கள். யன்னலின் மேற்சட்டத்தில் உள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்து விடுங்கள். காலையில் பத்து நிமிடம் யன்னலைத் திறந்து வையுங்கள். எட்டையும் மாற்றினாலும் இந்த ஈரம் வீட்டை விட்டுப் போகாது. சுவர் மூலையில் பூஞ்சணமாக முளைக்கும்.

புது யன்னல் போட்டு ஒரு மாதம்தான். விடியற்காலையில் வெளிப்பக்கம் முழுக்கப் பனி. ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், குரொய்டன்

இல்லை, நல்ல யன்னல் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுச் சூடு வெளிக்கண்ணாடிக்குப் போய்ச் சேராததால் அது வெளியே உள்ள இரவைப் போலவே குளிர்ந்து கிடக்கிறது. அதில் பனி படிகிறது. வெயில் ஏற மறைந்துவிடும். உங்கள் பழைய யன்னலில் அந்தப் பனி தெரியாததற்குக் காரணம், நீங்கள் காசு கொடுத்து எரித்த காஸ் அதை உலர்த்திக்கொண்டிருந்ததுதான்.

சென்னையில் தங்கை வீட்டு ஏசி அறையிலும் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறதாம். அங்கே பனி ஏது?
— ஒரு வாசகி, சட்டன்

பனி இல்லை, கடற்காற்றின் ஈரம் இருக்கிறது. இங்கே இரவு குளிர்விக்கும் கண்ணாடியை அங்கே ஏசி குளிர்விக்கிறது. ஈரக்காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நனையும். ஏசியை இரண்டு டிகிரி கூட்டி வைக்கச் சொல்லுங்கள். வியர்வையும் குறையும், மின்கட்டணமும் குறையும்.

உள்ளே துடைத்தேன், வெளியே துடைத்தேன். மூட்டம் மட்டும் போகவில்லை. கண்ணாடியில் துளை போட்டு உலர்த்தித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகர், ஈஸ்ட்ஹாம்

இதுதான் உண்மையான பழுது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தைச் சுற்றி ஒரு பட்டை ஓடுகிறதல்லவா? அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் இருக்கின்றன. பட்டையை இரண்டு அடுக்குப் பசை கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. நடுவில் பெரும்பாலும் ஆர்கன் வாயு. பகலில் அந்த வாயு விரியும், இரவில் சுருங்கும். பசை வயதாகி வெடித்த இடத்தால், ஒவ்வொரு சுருக்கத்திலும் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போகும். மணிகள் வருடக்கணக்கில் குடித்துத் தாங்கும். அவை நிரம்பிய அன்று மூட்டம் தெரியும்.

துளை போட்டால் மூட்டம் கலையலாம். ஆனால் ஆர்கன் திரும்பி வராது, செத்த பசை உயிர்க்காது, குடித்து முடித்த மணிகளும் மாறாது. அந்தக் காசைப் புதுக் கண்ணாடிக்குப் போடுங்கள். கடையில் ‘சீல்ட் யூனிட்’ என்று கேளுங்கள். சட்டம், கைபிடி, பூட்டு எல்லாம் அப்படியே இருக்கும். நடுவில் உள்ள கண்ணாடிச் சோடி மட்டும் மாறும்.

அந்தச் சோடியை நானே அளந்து வாங்கிப் போடலாமா? என்ன கவனிக்க வேண்டும்?
— கையில் வேலை பழகிய ஒருவர், மிச்சம்

நிலத்தில் நின்று எட்டக்கூடிய சிறிய யன்னல் என்றால் தாராளமாக. மேல்மாடி என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். 4 மில்லிமீட்டர்க் கண்ணாடி இரண்டு சேர்ந்த சோடி சதுர மீட்டருக்கு 20 கிலோ வரும். ஏணியில் நின்று தூக்கும் பொருள் இல்லை அது.

கையுறையும் கண்ணுக்குக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டிகளுக்குப் ‘பீடிங்’ என்று பெயர். முதலில் நீளமான பீடிங். அதன் நடுவில் தட்டையான சுரண்டியைச் செருகி மெல்ல நெம்புங்கள். கழற்றக் கழற்ற எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். கண்ணாடிக்கு அடியிலும் ஓரத்திலும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவை குப்பையல்ல, கண்ணாடியின் பாரத்தைத் தாங்குபவை. இருந்த இடத்தைப் படம் எடுத்து வைத்து, அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.

பழைய சோடியையே அளப்பது நல்லது. அகலத்தை முதலும் உயரத்தை இரண்டாவதும் சொல்லுங்கள். இங்கே கடைக்காரர்கள் அந்த ஒழுங்கில்தான் எழுதுவார்கள். கனம் 28 மில்லிமீட்டரா 24-ஆ 20-ஆ என்றும் பாருங்கள். கனம் மாறினால் பீடிங் பூட்டாது.

சூடு காக்கும் மெல்லிய பூச்சு உள்ள கண்ணாடி வீட்டுப் பக்கம் வர வேண்டும், பூச்சு நடு இடைவெளியைப் பார்க்க வேண்டும். லைட்டரைக் கண்ணாடிக்கு முன் பிடித்தால் நான்கு சுவாலைகள் தெரியும். அதில் ஒன்றின் நிறம் மட்டும் வேறாக இருக்கும். வீட்டுக்குள் நின்று பார்க்கையில் அது இரண்டாவதாக வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றை மறக்கவே வேண்டாம். தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரத்துக்குள் வரும் யன்னல் கண்ணாடியும், கதவிலும் கதவோரத்திலும் 1,500 மில்லிமீட்டருக்குள் வரும் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். மூலையில் அதற்கான முத்திரை இருக்கும். ஓடி விளையாடும் பிள்ளை மோதுகிற உயரம் அது.

வெயில் சாயும்போது கண்ணாடியில் வானவில் கோடுகள் தெரிகின்றன. பழுதா?
— ஒரு மாணவி, ரேடிங்

இல்லை. இரண்டு கண்ணாடியும் கனத்தில் ஒன்றுபோல இருந்து, ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்போது ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி நிறம் காட்டும். கண்ணாடி சீராக இருப்பதன் அடையாளம். பெயர் வேண்டுமென்றால் ‘புரூஸ்டர் வரிகள்’. பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியரிடம் கேளுங்கள், மகிழ்ந்துபோவார்.

முன்கதவின் கைபிடியைத் தூக்கிப் பூட்ட இரண்டு கையும் ஒரு தோளும் தேவைப்படுகிறது. உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் போய்விட்டதா?
— ஒரு வாசகர், வெம்பிளி

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைபிடியைத் தூக்குங்கள். அப்போதும் இறுக்கமென்றால் கியர்பாக்ஸ்தான். கதவோரத்து உலோகப் பட்டியில் உள்ள பெயரையும் எண்ணையும் படம் எடுத்து, அதே வகையை வாங்குங்கள். அப்போது லேசாகத் தூக்க வந்தால் பூட்டு நல்லது, கதவுதான் சரிந்திருக்கிறது. கொக்கிகள் நிலையில் உள்ள துவாரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் முட்டுகின்றன.

மூடிய கதவைச் சுற்றி இடைவெளியைப் பாருங்கள். கைபிடிப் பக்கம் கீழே இறங்கியிருந்தால் பிணைச்சலைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான யூபிவிசி கதவுகளின் பிணைச்சலில், மூடியைக் கழற்றினால் அலன் கீ போடும் இடம் தெரியும். கால் சுற்றுச் சுற்றுங்கள், கதவைப் பூட்டிப் பாருங்கள், பிறகு அடுத்த கால் சுற்று. எல்லாப் பிணைச்சலையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் முழுப் பாரமும் அதில் விழும்.

அப்படியும் சரிகிறதென்றால் காரணம் கதவுக்குள் உள்ள கண்ணாடியின் இருப்பு. ஊரில் படலைக்குக் குறுக்கே ஒரு சட்டம் அடிப்பார்கள், நினைவிருக்கிறதா? பிணைச்சல் பக்கக் கீழ்மூலையிலிருந்து கொழுக்கிப் பக்க மேல்மூலைக்குப் போகும். அந்தச் சட்டத்தின் வேலையை இங்கே கண்ணாடி செய்கிறது. பிணைச்சல் பக்கக் கீழ்மூலையிலும் கைபிடிப் பக்க மேல்மூலையிலும் பிளாஸ்டிக் துண்டுகளை இறுக்கி வைத்தால் கதவு நிமிர்ந்துவிடும்.

கோடை மத்தியானத்தில் மட்டும் இறுகி, இரவில் இளகினால் அது வெயிலில் பிளாஸ்டிக் விரிவதால். தெற்கு பார்த்த, கடும்நிறக் கதவுகளுக்கு இது வழக்கம். எப்படியானாலும் தோளால் இடிக்காதீர்கள். சரிந்த கதவை வருடக்கணக்கில் பலவந்தமாகப் பூட்டிவந்தால், நல்ல கியர்பாக்ஸும் ஒரு நாள் உடையும். அதுவும் நீங்கள் வெளியே நிற்கும் நாளாகப் பார்த்து உடையும்.

திறப்பு இறுகுகிறது. பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டேன். குளிர் வந்ததும் இன்னும் மோசம்!
— ஒரு பாட்டி, டூட்டிங்

பாட்டி, உங்கள் போத்தலைப் பாருங்கள், எண்ணெய் உறைந்து வெள்ளையாக நிற்கும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். போத்தலில் நடந்ததுதான் பூட்டுக்குள்ளும் நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வெப்பத்துக்குச் சரி, டூட்டிங் குளிருக்குச் சரிவராது. திறப்புப் போகும் துவாரத்துக்குக் கிராபைட் தூளோ உலர்ந்த பிடிஎஃப்இ ஸ்ப்ரேயோ போடுங்கள். எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். கதவோரத்துக் கொக்கிகளுக்கும் உருளைகளுக்கும் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு நல்லது. அதையும் செய்து இறுக்கம் போகாவிட்டால் மாற்றுத் திறப்பைப் போட்டுப் பாருங்கள். அது சுழன்றால், தேய்ந்தது பூட்டல்ல, திறப்பு.

எங்கள் வீட்டுப் பூட்டின் உருளை கைபிடித் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. வேறு குறை உண்டா?
— ஒரு வாசகர், ஹேய்ஸ்

பெரிய குறை உண்டு. இந்த வாரமே மாற்றுங்கள். நீட்டிய உருளையைக் குறட்டால் பிடித்து நடுவில் முறித்துத் திறப்பது இங்கே திருடர்களின் பழைய வழி. நம்மவர் வீடுகளில் நகை இருக்கும் என்று அவர்கள் கணக்குப் போடுவதைப் பொலிஸாரும் எச்சரித்து வந்திருக்கிறார்கள்.

மாற்றுவது கடினமல்ல. கதவோரத்தில், பூட்டின் உயரத்தில், ஒரு நீண்ட திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, திறப்பைச் சிறிது திருப்பி, உள்ளே உள்ள நாக்கை உடலோடு நேராக்கினால் உருளை வெளியே வரும். அந்தத் திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக அளவெடுங்கள். 35-45 என்பது போல இரண்டு எண் வரும். எது வெளிப்பக்கம் என்று குறியுங்கள். பழைய உருளை நீட்டி நின்றதால், நீட்டிய அளவைக் கழித்து வாங்க வேண்டும். தட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் தெரியக்கூடாது. டிஎஸ் 007 மூன்று நட்சத்திரம் அல்லது சோல்ட் செக்கியூர் டயமண்ட் முத்திரை உள்ளதாகப் பாருங்கள்.

யன்னலை நன்றாகப் பூட்டினாலும் ஓரத்தால் காற்று வருகிறது. டேப் ஒட்டலாமா?
— ஒரு வாசகி, இல்ஃபோர்ட்

டேப்புக்கு முன் ஒரு தாளை எடுங்கள். யன்னலுக்கும் சட்டத்துக்கும் இடையில் அதை வைத்துப் பூட்டி இழுங்கள். தாள் இறுகி நிற்கும் இடம் நல்ல இடம். வழுக்கி வரும் இடம்தான் காற்றின் வாசல். இப்படிச் சுற்றிவரப் பாருங்கள்.

பிணைச்சல் பக்கம் வழுக்கினால், மடங்கி நீளும் அந்த இரும்புக் கை தேய்ந்திருக்கும். அதன் நீளத்தையும் மடித்த நிலையில் அதன் உயரத்தையும் அளந்து, சோடியாக வாங்குங்கள். உயரம் 13 அல்லது 17 மில்லிமீட்டராக இருக்கும். கைபிடிப் பக்கம் வழுக்கினால் பூட்டில் உள்ள காளான் வடிவக் குமிழ்களைப் பாருங்கள். பலவற்றை அலன் கீயால் திருப்பி இறுக்கலாம். எல்லா இடமும் வழுக்கினால் ரப்பர் தட்டையாகிச் செத்துவிட்டது. ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள், அதன் வடிவங்கள் பல. புது ரப்பரை இழுத்து வைக்காமல், சற்று நீளமாக விட்டு அழுத்தி வையுங்கள். இழுத்து வைத்தால் சுருங்கி மூலையில் வாய் திறக்கும்.

யன்னல் சட்டத்தின் அடியில் சிறு துளைகள் இருந்தன. குளிர் வருகிறதென்று சிலிக்கன் போட்டு அடைத்துவிட்டேன். இப்போது சட்டத்துக்குள் தண்ணீர் நிற்கிறது.
— ஒரு வாசகர், லூட்டன்

இன்றே திறந்துவிடுங்கள் தம்பி! அவை வடிதுளைகள். மழைநீர் சட்டத்துக்குள் கொஞ்சம் போகும் என்று தெரிந்தே, அது வெளியேற வழிவைத்துச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் தேங்கினால் கண்ணாடிச் சோடியின் அடி நாள்முழுக்க நனைந்து பசை விடும். மூட்டத்தின் ஆரம்பம் அதுதான். சிலிக்கனைக் கீறி எடுத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே ஒழுகினால் யன்னல் பிழைத்தது.

குசினி யன்னலின் வெள்ளை விளிம்பில் மஞ்சள் கறை. பிளீச் போடவா?
— ஒரு வாசகி, கிங்ஸ்டன்

வேண்டாம். பிளீச், தின்னர், கரடுமுரடான தேய்ப்பான் மூன்றும் பிளாஸ்டிக்கின் பளபளப்பைத் தின்னும். சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெயைத் துடையுங்கள். மிச்ச மஞ்சளை வெளிச்சத்திடம் விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறத்தை ஒளியே சிதைக்கும். கறி பட்ட வெள்ளை வேட்டியை வெயிலில் போட்ட அதே வைத்தியம்தான். லண்டன் வெயிலுக்கு மட்டும் இன்னும் சில நாள் தவணை கொடுங்கள்.

வீடு குடிபுகுகிறோம். யூபிவிசி கதவு நிலையில் தோரணம் கட்ட ஆணி அடிக்கலாமா?
— ஒரு தம்பதி, மில்டன் கீன்ஸ்

வாழ்த்துகள். ஆணி வேண்டாம். நிலை உள்ளே அறை அறையாக வெறுமையானது. ஆணி பிடிக்காது, துளையால் தண்ணீர் இறங்கும், உத்தரவாதமும் போகலாம். ஒட்டும் கொக்கி இரண்டு போதும். ஆண்டு முழுக்க நிற்க வேண்டுமென்றால் நிலைக்கு வெளியே செங்கல் சுவரில் திருகாணி போடுங்கள்.

யாரும் கல் எறியவில்லை. கண்ணாடி தானாக வெடித்திருக்கிறது. எப்படி?
— ஒரு வாசகர், லெஸ்டர்

வெடிப்பு ஓரத்திலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டு, பிறகு வளைந்து போகிறதா? அப்படியென்றால் வெப்பம். நடுப்பகுதி வெயிலில் சுட, சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்து நிற்க, இரண்டுக்கும் நடந்த இழுபறியில் கண்ணாடி தோற்றிருக்கிறது. கண்ணாடியில் கருந்தாள் ஒட்டினாலோ, கனத்த திரையைக் கண்ணாடியோடு சேர்த்து விட்டாலோ இது நடக்கும். புதிய சோடியைப் பதப்படுத்திய கண்ணாடியில் கேளுங்கள். அதற்கு முன் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுங்கள். கண்ணாடி உடைவு அதில் அடங்கியிருக்கலாம்.

மேல்மாடி யன்னல் பூட்டின் திறப்புத் தொலைந்து ஒரு வருடம். யன்னல் பூட்டியே கிடக்கிறது. அவசரமில்லைத்தானே?
— ஒரு வாசகர், நோர்தோல்ட்

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கடிதத்திலும் அவசரமானது உங்களுடையது. படிக்கட்டில் தீ பிடித்தால் அந்த யன்னல்தான் வாசல். இங்கிலாந்தில் தப்பும் யன்னலுக்கு விதியே உண்டு. திறக்கும் இடம் 0.33 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டராவது வேண்டும், அடி விளிம்பு தரையிலிருந்து 1,100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பூட்டிக் கிடந்தால் இந்த அளவெல்லாம் வீண். யன்னல் திறப்புகளில் பல பொதுவான வகைகள். கைபிடியைப் படம் எடுத்துக் காட்டினால் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் கைபிடியையே மாற்றுங்கள். புதுத் திறப்பை அந்த அறையிலேயே, வெளியாள் கை எட்டாத இடத்தில் வைத்து, பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். இன்றிரவே காட்டுங்கள்.

வாடகை வீடு. யன்னல் மூடாது. வீட்டுக்காரர், “நீயே பார்த்துக்கொள்” என்கிறார்.
— ஒரு மாணவர், கொவென்ரி

நீங்கள் அலன் கீயைத் தொட வேண்டாம், பேனாவைத் தொடுங்கள். இங்கிலாந்தில் வழக்கமான குறுகிய கால வாடகை வீடுகளில், வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதுபார்ப்பது உரிமையாளரின் கடமை என்று 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், பிரிவு 11, சொல்கிறது. வெளி யன்னலும் வெளிக்கதவும் அதில் அடங்கும். திகதியோடு, படத்தோடு எழுத்தில் அறிவியுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் கவுன்சிலிடம் போங்கள்.

அப்படியானால் முழு யன்னலையும் எப்போதுதான் மாற்றுவது?
— ஒரு வாசகர், ஸ்லௌ

சட்டமே முறுகினால், மூலைப் பொருத்து வெடித்தால், திருகாணி பிடிக்க இடமில்லாமல் போனால், அல்லது இன்னும் ஒற்றைக் கண்ணாடியே இருந்தால். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002 ஏப்ரல் 1 முதல் யன்னல் மாற்றுவது கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. ஃபென்சா, செர்ட்டாஸ் போன்ற திட்டங்களில் பதிந்தவரிடம் செய்து சான்றிதழை வாங்கி வையுங்கள்; வீடு விற்கும் நாளில் சட்டத்தரணி அதைத்தான் முதலில் கேட்பார். கண்ணாடிச் சோடியை மட்டும் மாற்றினால் இந்தச் சான்றிதழ் தேவையில்லை.

நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்ததே இல்லை. எனக்கும் இதெல்லாம் வருமா? எங்கே தொடங்குவது?
— ஓர் இல்லத்தரசி, எட்ஜ்வெயர்

வரும் அக்கா. புட்டுக்கு மா பதமாகக் குழைக்கத் தெரிந்த கைக்கு அலன் கீயின் கால் சுற்று பெரிய வித்தையல்ல. இரண்டுமே கொஞ்சம் செய்து, தொட்டுப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் செய்கிற வேலை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். அன்று காலை சும்மா கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தை யன்னல்களுக்குக் கொடுங்கள். வடிதுளையைக் குத்தி ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள். பிணைச்சலுக்கும் கொக்கிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தாளை வைத்து இழுத்துப் பாருங்கள். கதவைத் திறந்து வைத்துக் கைபிடியைத் தூக்கிப் பாருங்கள். எல்லா யன்னல் திறப்பும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

எது செத்தது, எது பிழைக்கும் என்று அந்த ஒரு மணித்தியாலத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு, “எட்டையும் மாற்ற வேண்டும்” என்று யாராவது கதவைத் தட்டினால், “எட்டில் எது, அதில் எந்த உறுப்பு?” என்று கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.